பழைய காரில் வேறு என்ஜின்: ஹெடர் வாங்கும் முன் எழும் கேள்விகள்

பழைய காரின் உடம்பை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே வேறு என்ஜினை இறக்குகிறவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் ஹெடரில், அதாவது என்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுதியில், வந்து நிற்பார்கள். என்ஜின் உட்கார்ந்துவிட்டது, கியர்பாக்ஸ் சேர்ந்துவிட்டது, புகை வெளியேறத்தான் வழி இல்லை. அந்த நேரத்தில் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகள் இவை. உதாரணங்கள் பெரும்பாலும் வி8, அதாவது வி வடிவில் பக்கத்துக்கு நான்காக எட்டு சிலிண்டர் உள்ள என்ஜின்களிலிருந்து வருகின்றன; இடநெருக்கடி அதிகம் வருவது அவற்றில்தான். நான்கு, ஆறு சிலிண்டர் என்ஜின்களுக்கும் அடிப்படை இதுவே.

ஹெடர் என்ன செய்கிறது? வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு செய்யாததையா?

இரண்டும் புகையை வெளியே அனுப்புகின்றன. மேனிஃபோல்டு ஒரே வார்ப்பாகச் செய்த புகைவழி; அதில் எல்லா சிலிண்டரின் புகையும் வெளியே வந்த உடனே ஒரே அறையில் மோதிக்கொள்கிறது. ஹெடரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாய். அதை பிரைமரி என்பார்கள். இந்தக் குழாய்கள் கொஞ்ச தூரம் தனியாகப் போய், கலெக்டர் என்ற இடத்தில் ஒன்று சேர்கின்றன. என்ஜின் ஹெட்டோடு, அதாவது வால்வுகள் இருக்கும் மேல்பகுதியோடு, போல்ட் போட்டு இறுக்கும் தடித்த தகடு ஃபிளாஞ்ச்.

தனிக் குழாயால் என்ன லாபம்? எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாய்க்குள் பாய்கிறது. கலெக்டரை எட்டியதும், குழாய் திடீரென்று அகலமாவதால், அது குறையழுத்த அலையாகத் திரும்பி வால்வை நோக்கி வருகிறது. அந்த நொடியில் இன்டேக் வால்வும் சற்றுத் திறந்திருந்தால், மிச்சப் புகையை இழுத்து வெளியேற்றி, புதுக் காற்று உள்ளே வரவும் அது கைகொடுக்கிறது. குழாயின் நீளமும் விட்டமும் இந்த அலை எந்த வேகத்தில் சரியான நேரத்துக்கு வந்து சேரும் என்பதை முடிவு செய்கின்றன. மற்றபடி ஹெடரில் மாயம் எதுவும் இல்லை.

முதலில் ஹெடரை வாங்கிவிடலாமா? தள்ளுபடியில் ஒன்று கிடைக்கிறது.

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

தொழிற்சாலையில் வந்த காருக்கு ஹெடர் வாங்குவது சுலபம். என்ஜின் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது தயாரிப்பவருக்குத் தெரியும். என்ஜின் மாற்றிய காரில் அது யாருக்கும் தெரியாது. என்ஜினைத் தாங்கும் மௌன்ட் தட்டு அதை 25 மில்லிமீட்டர் பின்னால் தள்ளினால், கடைசி சிலிண்டரின் குழாய் ஃபயர்வாலில், அதாவது என்ஜின் அறைக்கும் உள்ளே உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள சுவரில், முட்டும். முன்னால் தள்ளினால் கலெக்டர் சேஸிஸின் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பருக்கு மேல் வந்து நிற்கும். என்ஜினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப் மோதக் கூடாதென்று என்ஜினை 10 மில்லிமீட்டர் உயர்த்தினால், ஸ்டீயரிங் ஷாஃப்டுக்கும் குழாய்க்கும் இடையில் இருந்த இடைவெளி மாறிவிடும்.

அதனால் வரிசை இதுதான்: சம்ப், மௌன்ட், கியர்பாக்ஸின் சாய்வுக் கோணம், ஸ்டீயரிங், ஸ்டார்ட்டர். கடைசியில்தான் ஹெடர். அல்லது இன்னும் நல்லது, மௌன்ட், சம்ப், ஹெடர் மூன்றையும் ஒரே தயாரிப்பாளர் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி விற்றால், மூன்றையும் அவரிடமே வாங்குவது. ஒருவரின் மௌன்ட், இன்னொருவரின் ஹெடர் என்று கலந்து வாங்கி, "இந்தக் காருக்கு என்றுதானே போட்டிருந்தது" என்று புலம்புகிறவர்கள்தான் அதிகம். பெட்டியின் மேல் கார் பெயரும் என்ஜின் பெயரும் இருந்தால் போதாது. எந்த மௌன்ட், எந்த சம்ப், எந்த கியர்பாக்ஸ், எந்த ஸ்டீயரிங் பெட்டியோடு அளவு பார்த்தார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

திருப்பிக் கொடுக்கும் விதியையும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். ஒரு தடவை என்ஜினை ஓடவிட்டுச் சூடேறிய ஹெடரை யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள்.

என்ஜின் குடும்பம் ஒன்றுதான். ஹெடரும் ஒன்றாகத்தானே இருக்கும்?

ஹெட்டில் பொருந்தலாம், ஆனால் காரில் பொருந்தும் என்று சொல்ல முடியாது. நல்ல உதாரணம் ஃபோர்டின் 302, 351 வின்சர் என்ற இரண்டு வி8 என்ஜின்கள்; எண்கள் கன அங்குலக் கொள்ளளவு. இரண்டிலும் எக்ஸாஸ்ட் போல்ட் அமைப்பு பொதுவானது. ஆனால் 302-ன் பிளாக், அதாவது சிலிண்டர்கள் இருக்கும் உடல், உயரம் 8.2 அங்குலம், 351 வின்சருடையது 9.5 அங்குலம். வி வடிவ என்ஜினில் பிளாக் உயரமானால் ஹெட் மேலே போவதோடு பக்கவாட்டிலும் விலகும். 1960களின் மஸ்டாங்கில் சஸ்பென்ஷன் டவர் இரு பக்கமும் நெருக்கி நிற்கிறது. அங்கே 302-க்கு என்று வளைத்த குழாய் 351-ல் மாட்டியதும் டவரில் இடிக்கும்.

செவர்லே பக்கம் வந்தால் கதை வேறு. பழைய ஸ்மால் பிளாக் என்ற வி8-ல் ஒவ்வொரு பக்கமும் நடுவிலுள்ள இரண்டு எக்ஸாஸ்ட் வாயில்களும் ஒட்டி அமைந்திருக்கும். 1997-ல் தொடங்கிய எல்.எஸ். என்ற வி8 குடும்பத்தில் நான்கும் சம இடைவெளியில் இருக்கும். ஒன்றின் ஹெடர் இன்னொன்றில் ஏறவே ஏறாது. எல்.எஸ். குடும்பத்துக்குள் போல்ட் அமைப்பு பெரும்பாலும் பொதுவாக இருப்பதால் இடம்தான் பிரச்சினையாகிறது.

நீளமானது, நடுத்தரம், குட்டை, பிளாக்கை ஒட்டியது: எதை எடுப்பது?

நீளமான ஹெடரில் பிரைமரி ஏறக்குறைய 28 முதல் 36 அங்குலம் வரை போகும். மேலே சொன்ன அலை விளையாட்டு முழுதாக நடப்பது இதில்தான். நடு வேகத்திலும் உச்சத்திலும் வித்தியாசம் தெரியும். ஆனால் இடம் பிடிப்பதும் இதுதான். கலெக்டர் கியர்பாக்ஸ் அருகே, காரின் அடிவயிற்றில் வந்து முடியும். தாழ்த்திய காரில் வேகத்தடைக்கு முதல் பலி அதுதான். சேஸிஸின் மிகத் தாழ்ந்த உலோகத்துக்குக் கீழே கலெக்டர் தொங்கினால் அந்த ஹெடரை விட்டுவிடுங்கள், எவ்வளவு சக்தி தருவதாகச் சொன்னாலும் சரி.

குட்டை ஹெடர் மேனிஃபோல்டு இருந்த இடத்திலேயே முடிந்துவிடும். சக்தியில் பெரிய மாற்றம் எதிர்பார்க்க வேண்டாம். எடை குறையும், பார்க்க அழகு, சில நேரம் வளைவு வசதியாக அமையும். நடுத்தரம் இரண்டுக்கும் இடைப்பட்ட சமரசம். ஸ்டீயரிங் பெட்டியைத் தாண்டியதும் முடிந்துவிடுவதால் என்ஜின் மாற்றிய பல கார்களுக்கு இதுவே சரியாக வரும்.

பிளாக்கை ஒட்டிய ஹெடர், பிளாக் ஹக்கர் என்பது, பெயருக்கேற்றபடி குழாய்களை என்ஜினோடு அணைத்துக் கீழே இறக்கும். குறுகிய சேஸிஸ் உள்ள பழைய கார்களுக்கு இது உயிர்நாடி. விலை என்னவென்றால் சூடு: ஸ்டார்ட்டர், ஆயில் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் வயர் எல்லாம் குழாயின் அருகே வந்துவிடும்.

இன்னொரு வழியும் உண்டு. குழாயைக் கீழே இறக்காமல் பக்கவாட்டில், மட்கார்டின் உள்சுவர் வழியாக வெளியே கொண்டுபோவது. 1950களின் செவர்லேக்களை டிராக் பந்தயத்துக்கு மாற்றியவர்கள் செய்தது இது. ரோவர் வி8 ஏற்றிய எம்.ஜி.பி. கார்களிலும், 1990களில் தொழிற்சாலையே செய்த எம்.ஜி. ஆர்.வி.8-ல் உள்ளதைப் போல உள்சுவரில் துளையிட்டுக் குழாயைக் கொண்டுபோகிறார்கள். ஸ்டீயரிங் ஷாஃப்டை விட்டு குழாய் முழுவதும் விலகிவிடும். ஆனால் அசல் உடம்பை வெட்ட வேண்டும், சக்கரம் முழுதாகத் திரும்பும்போது டயருக்கும் குழாய்க்கும் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பழைய மேனிஃபோல்டையே வைத்துக்கொண்டால் கேவலமா?

இல்லவே இல்லை. என் கருத்தில், தினமும் ஓட்டும் காருக்குப் பாதிப் பேர் ஹெடர் வாங்க வேண்டியதே இல்லை. வார்ப்பிரும்பு சத்தத்தை அடக்கும், வெப்பத்தால் எளிதில் வளையாது, இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டை அடிக்கடி எரிக்காது. எல்.எஸ். என்ஜின் கொர்வெட், கமாரோ, டிரக் என்று பல வண்டிகளில் வந்ததால், அதன் மேனிஃபோல்டுகளும் பல வடிவங்களில் கிடைக்கின்றன. ஒன்று முன்னால் இறங்கும், ஒன்று நடுவில், ஒன்று பின்னால். நான்கைந்தை வைத்துப் பார்த்தால் ஏதாவது ஒன்று பெரும்பாலும் சேஸிஸுக்குள் அடங்கிவிடும். இடப்பக்கம் ஒரு வண்டியுடையது, வலப்பக்கம் இன்னொரு வண்டியுடையது என்று மாட்டினாலும் தவறில்லை.

குழாய் விட்டம் எவ்வளவு? பெரியதுதானே நல்லது?

பெரியது வேண்டும் என்ற ஆசையால்தான் நகரத்துக்குள் சோம்பலாக ஓடும் கார்கள் உருவாகின்றன. குழாய் அகலமானால் வாயுவின் வேகம் குறையும், இழுப்பு குறையும், கீழ் வேகத்தில் டார்க், அதாவது என்ஜினின் சுழற்றும் விசை, போகும்.

தோராயமாகப் பார்க்க ஒரு பழைய கணக்கு இருக்கிறது. குழாயின் உட்புறக் குறுக்குப் பரப்பை சதுர அங்குலத்தில் எடுத்து 88,200-ஆல் பெருக்குங்கள். ஒரு சிலிண்டரின் கொள்ளளவால், கன அங்குலத்தில், வகுங்கள். வரும் எண், அந்தக் குழாய் டார்க்குக்கு அதிகம் உதவும் என்ஜின் வேகம். 350 கன அங்குல, அதாவது 5.7 லிட்டர் வி8-ல் ஒரு சிலிண்டர் 43.75 கன அங்குலம். சுவர் கனம் 0.049 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், 1⅝ அங்குலக் குழாய்க்கு நிமிடத்துக்கு சுமார் 3,700 சுற்று வரும். 1¾ அங்குலத்துக்கு சுமார் 4,300. 1⅞ அங்குலத்துக்கு சுமார் 5,000.

சாலையில் ஓடும் கார் அதிக நேரம் எங்கே இருக்கிறது? 2,000-க்கும் 4,000-க்கும் இடையில். அப்படியென்றால் இந்த என்ஜினுக்கு 1⅝ போதும், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் கொஞ்சம் சூடானது, அதாவது மேல் வேகத்துக்கு அமைத்தது, என்றால் 1¾. என்ஜின் மாற்றிய காரில் சின்னக் குழாய்க்கு இன்னொரு நன்மையும் உண்டு: ஒவ்வொரு பக்கமும் நான்கு குழாய், ஒவ்வொன்றிலும் 3 மில்லிமீட்டர் மிச்சம். பிளக் வயருக்கும் ஸ்டீயரிங்குக்கும் அந்த இடம் வந்து சேரும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். குழாயின் வாய், ஹெட்டின் எக்ஸாஸ்ட் வாயிலைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கலாம். சிறிதாக இருக்கக் கூடாது. கேஸ்கெட்டும் வாயிலுக்குள் நீட்டக் கூடாது.

நீளத்துக்கும் கணக்கு உண்டா?

உண்டு. எக்ஸாஸ்ட் வால்வு, பிஸ்டன் கீழ்முனையை எட்டுவதற்கு எத்தனை டிகிரி முன்பு திறக்கிறது என்று பார்த்து அதோடு 180 கூட்டுங்கள். 850-ஆல் பெருக்கி, என்ஜின் வேகத்தால் வகுத்து, 3 கழித்தால் அங்குலத்தில் நீளம். 70 டிகிரி முன்பு திறக்கும் கேம், 6,000 சுற்று என்றால் 32 அங்குலத்துக்குச் சற்று மேல் வரும். அதே கேமுக்கு 4,500 சுற்றில் வேண்டும் என்றால் 44 அங்குலம். அந்த நீளத்தை பழைய காரின் என்ஜின் அறைக்குள் எங்கே மடித்து வைப்பது? அதனால்தான் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு எல்லோரும் கிடைக்கும் நீளத்தோடு சமாதானம் ஆகிறார்கள்.

நான்கும் ஒன்றில் சேர்வதா, இரண்டிரண்டாகச் சேர்ந்து பிறகு ஒன்றாவதா?

இரண்டாவதை டிரை-ஒய் என்பார்கள். நான்கு இரண்டாகி, இரண்டு ஒன்றாகும். நடு வேக டார்க் அகலமாகக் கிடைக்கும். சாலைக் காருக்கு எனக்குப் பிடித்தது இதுதான். நான்கும் நேராக ஒன்றில் சேர்வது மேல் வேகத்தில் விளையாடும், வாங்கக் கிடைப்பதும் அதுதான் அதிகம்.

டிரை-ஒய் வாங்கும்போது ஒரு பொறி இருக்கிறது, பலருக்கும் இது தெரிவதில்லை. வழக்கமான வி8-ல் ஒரே பக்கத்து சிலிண்டர்கள் சம இடைவெளியில் வெடிப்பதில்லை. ஏதோ இரண்டு அடுத்தடுத்து, 90 டிகிரி இடைவெளியில் வெடிக்கும். அந்த இரண்டையும் ஒரே ஜோடியில் போட்டால் ஒன்றின் புகை இன்னொன்றின் வழியை மறிக்கும். எந்த இரண்டு என்பது வெடிக்கும் வரிசையைப் பொறுத்தது. பழைய 302-ன் வரிசை 1-5-4-2-6-3-7-8. வலப்பக்கத்தில் (1 முதல் 4 வரை எண்ணிட்ட சிலிண்டர்கள்) அங்கே 4-ம் 2-ம் அடுத்தடுத்து. 351 வின்சரும், 302-ன் பிந்தைய வகையான 1980களின் 5.0 ஹெச்.ஓ.வும் 1-3-7-2-6-5-4-8, அங்கே 1-ம் 3-ம். ஒன்றுக்கென்று ஜோடி சேர்த்த டிரை-ஒய் மற்றதற்குப் பொருத்தமாக இருக்க வேண்டும் என்பதில்லை. கேம்ஷாஃப்டை மாற்றி வரிசையே மாறிய என்ஜின் என்றால், வாங்கும் முன் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

என் காரில் ஸ்டீயரிங் வலப்பக்கம். ஹெடரோ இடப்பக்க ஸ்டீயரிங்குக்குச் செய்தது.

அமெரிக்க வி8-க்கு விற்கும் ஹெடர்களில் பெரும்பாலானவை அப்படித்தான். இடப்பக்கக் குழாய்கள் ஸ்டீயரிங் பெட்டியைச் சுற்றி வளைந்திருக்கும், வலப்பக்கக் குழாய்கள் ஸ்டார்ட்டரைச் சுற்றி. ஸ்மால் பிளாக் செவர்லே, எல்.எஸ்., சின்ன ஃபோர்டு எல்லாவற்றிலும் ஸ்டார்ட்டர் வலப்பக்கம்தான். வலப்பக்க ஸ்டீயரிங் காரில் ஸ்டீயரிங் பெட்டி, ஷாஃப்ட், ஸ்டார்ட்டர் மூன்றும் ஒரே பக்கத்தில் குவிந்துவிடும். இடப்பக்கத்தில் காற்றாட இடம் கிடக்கும்.

வழிகள்: வலப்பக்கத்துக்கு மட்டும் பிளாக் ஹக்கர் அல்லது வார்ப்பு மேனிஃபோல்டு, இடப்பக்கத்துக்கு வேண்டியது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லையே என்று வருத்தப்பட வேண்டாம். சாலைக் காரில் அந்த வித்தியாசம் கையில் தெரியாது. ஸ்டீயரிங் ஷாஃப்டில் யுனிவர்சல் ஜாயின்ட் சேர்த்து வழியை மாற்றலாம். ஆனால் மூன்று ஜாயின்ட் ஆனால் நடுவில் ஒரு தாங்கு பேரிங் கட்டாயம். ஸ்டீயரிங்கில் கைவைக்கும் வேலையை அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள்.

இடைவெளி எவ்வளவு விட வேண்டும்?

அசையாத உலோகத்துக்கு 12 மில்லிமீட்டர், ரப்பர் ஹோஸ், வயர், பிரேக் பைப் ஆகியவற்றுக்கு குறைந்தது 25 மில்லிமீட்டர் என்பது நடைமுறை அளவு. பெட்ரோல் பைப்புக்கு அதையும்விட அதிகம், நடுவில் ஒரு தகடு. ஸ்டீயரிங் ஷாஃப்டு விஷயத்தில் தாராளமாக இருங்கள். அதிலுள்ள ஜாயின்ட்டோ ரப்பர் இணைப்போ வெந்துபோனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அளவெடுக்கும்போது என்ஜின் நிற்கிறது. ஓடும்போது அது ஆடும். முன்னாலிருந்து பார்த்தால் கடிகார திசையில் சுற்றும் என்ஜின், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது இடப்பக்கம் மேலே எழும்பி வலப்பக்கம் அமுங்கும். இடப்பக்கம் என்பது டிரைவர் இருக்கையிலிருந்து பார்த்து. ரப்பர் மௌன்ட் மெத்தென்று இருந்தால் அசைவு அதிகம். ஒரு கடப்பாரையால் என்ஜினை இரு பக்கமும் நெம்பிப் பாருங்கள், எங்கெங்கே தொடுகிறது என்று தெரிந்துவிடும். குழாய்மேல் களிமண் உருண்டை ஒட்டி வைத்தால் அமுங்கிய கனமே இடைவெளியைச் சொல்லும்.

வெறும் என்ஜின் அறையில் வைத்துப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். ஸ்டார்ட்டர், ஆயில் ஃபில்டர், டிப்ஸ்டிக், கிளட்ச் கம்பி, பிளக், பிளக் வயர், பிரேக் பைப் எல்லாம் மாட்டியிருக்க வேண்டும். பழைய காரின் கிளட்ச் நெம்புகோல் பெரும்பாலும் நீண்ட ஹெடர் போகும் வழியிலேயே இருக்கும். ஹைட்ராலிக் கிளட்சுக்கு மாறினால் அந்தத் தலைவலி தீரும். காரின் எடை சக்கரத்தில் இருக்கும்போது ஒரு தடவை, சக்கரத்தை முழுதாக இரு பக்கமும் திருப்பி ஒரு தடவை பாருங்கள். கடைசியாக, ஹெடர் மாட்டிய நிலையில் எட்டு ஸ்பார்க் பிளக்கையும் ஆயில் ஃபில்டரையும் ஸ்டார்ட்டரையும் கழற்ற முடிகிறதா? ஸ்டார்ட்டரை எடுக்க ஹெடரைக் கழற்ற வேண்டியிருந்தால், ஒருநாள் நடுவழியில் அதன் அருமை தெரியும்.

லேசாக இடிக்கிறது. குழாயைச் சுத்தியால் தட்டி ஒடுக்கலாமா?

தட்டலாம். தயாரிப்பாளர்களே சில இடங்களில் குழாயை ஒடுக்கித்தான் அனுப்புகிறார்கள். ஒரு சிறு குழிவு, சாலையில் உணரும் அளவுக்குச் சக்தியைக் குறைக்காது. சூடாக்கி, உருண்டை முனையுள்ள கருவியால் மெதுவாக அழுத்துங்கள். வெல்டிங் மேல் அடிக்காதீர்கள், விரிசல் அங்கேதான் தொடங்கும். கோட்டிங் போட்ட குழாயில் இதைச் செய்தால் கோட்டிங் உதிரும். ஆகவே கோட்டிங் இல்லாமல் வாங்கி, பொருத்திப் பார்த்து, தட்டி முடித்து, பிறகு கோட்டிங்குக்குக் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

மைல்டு ஸ்டீலா, ஸ்டெயின்லெஸ்ஸா?

மைல்டு ஸ்டீல் மலிவு, வெட்டவும் ஒட்டவும் எளிது, துருப்பிடிக்கும். இன்னும் இடம் சரியாக முடிவாகாத காருக்கு இதுதான் பொருத்தம். 304 ஸ்டெயின்லெஸ் நீண்ட நாள் நிற்கும், சூட்டில் பொன்னிறமாகி நீலமாகும். ஆனால் மைல்டு ஸ்டீலைவிட அதிகம் விரிவடையும்; ஃபிளாஞ்சும் தாங்கியும் அந்த அசைவுக்கு இடம் தராவிட்டால் வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடும். 409 துரு எதிர்ப்பில் இரண்டுக்கும் நடுவே. மேலே லேசாகத் துரு பூக்கும், உள்ளே போகாது. 321 டர்போவுக்கும் பந்தயத்துக்கும்.

உலோகத்தின் பெயரைவிட ஃபிளாஞ்சின் கனத்தையும் குழாய்ச் சுவரின் கனத்தையும் பாருங்கள். ஃபிளாஞ்ச் ⅜ அங்குலம் இருந்தால் நல்லது. குழாய் 16 கேஜ், அதாவது சுமார் 1.6 மில்லிமீட்டர் என்றால் நெடுநாள் வரும். 18 கேஜ் இலேசானது, சத்தமும் கூடுதல். மெல்லிய ஃபிளாஞ்ச் உள்ள ஸ்டெயின்லெஸ்ஸைவிட, தடித்த ஃபிளாஞ்ச் உள்ள மைல்டு ஸ்டீலையே நான் எடுப்பேன்.

செராமிக் கோட்டிங்கா, துணி சுற்றுவதா?

கோட்டிங். உள்ளும் புறமும் போட்டால் என்ஜின் அறையின் சூடு நன்றாகக் குறையும், துருவும் தள்ளிப்போகும். கண்ணாடியிழைத் துணி சூட்டை நன்றாக அடக்கும், சந்தேகமில்லை. ஆனால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எப்போதாவது வெளியே எடுக்கும் பழைய காரில், துணிக்கடியில் மைல்டு ஸ்டீல் சத்தமில்லாமல் அரித்துப்போகும். ஸ்டார்ட்டர் அருகே ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் சூடு தாங்கவில்லை என்றால், அங்கே ஒரு தகட்டு மறைப்பு போதும்.

புதிதாகக் கட்டிய என்ஜினை கோட்டிங் போட்ட புது ஹெடரோடு முதன்முதலாக ஓட்டாதீர்கள். முதல் ஓட்டத்தில் இக்னிஷன் நேரமும் கலவையும் சரியாக அமைந்திருக்காது. குழாய் சிவந்து கோட்டிங் பொசுங்கும். தட்டை டாப்பெட் கேம் (உருளை இல்லாமல் தட்டை முகம் கேமில் உரசி ஓடும் வகை) உள்ள என்ஜின் என்றால் முதல் 20 நிமிடம் 2,000 சுற்றுக்கு மேல் ஓட்டியாக வேண்டும், இன்னும் மோசம். பழைய மேனிஃபோல்டு ஏதாவது மாட்டி அந்தச் சடங்கை முடித்துவிடுங்கள்.

கேஸ்கெட் ஏன் அடிக்கடி போகிறது?

பெரும்பாலும் கேஸ்கெட்டின் குற்றமல்ல. ஃபிளாஞ்ச் வளைந்திருக்கும், போல்ட் தளர்ந்திருக்கும், அல்லது சைலன்சர் குழாயின் எடை முழுவதும் ஹெடரில் தொங்கும். ஃபிளாஞ்ச்மேல் நேர் அளவுகோல் வைத்துப் பாருங்கள். பல அடுக்கு எஃகு கேஸ்கெட் நன்றாகத் தாங்கும். வளைவு இல்லாத ஃபிளாஞ்சில் எந்த நல்ல கேஸ்கெட்டும் நிற்கும். வளைந்ததில் எதுவும் நிற்காது.

போல்ட்டை நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு சுற்றாக இறுக்குங்கள். எல்.எஸ். அலுமினிய ஹெட்டுக்கு முதலில் 15 நியூட்டன் மீட்டர், பிறகு 25. பழைய டிரக் எல்.எஸ். வாங்கியிருந்தால், கடைசி சிலிண்டர் பக்கத்து மேனிஃபோல்டு போல்ட் தலை உடைந்திருக்கிறதா என்று என்ஜின் வெளியே இருக்கும்போதே பாருங்கள். அந்த என்ஜின்களில் அது அடிக்கடி நடக்கும். காருக்குள் இறக்கிய பிறகு ஃபயர்வால் ஓரத்தில் உடைந்த போல்ட்டை எடுப்பது கொடுமை.

ஆக்சிஜன் சென்சாரை எங்கே வைப்பது?

பெட்ரோல் இன்ஜெக்ஷன் உள்ள என்ஜின் என்றால் கலெக்டருக்கு அடுத்து, நான்கு சிலிண்டரின் புகையும் கலந்த இடத்தில். சென்சார் கிடைமட்டத்துக்கு மேலே குறைந்தது 10 டிகிரி சாய்ந்திருக்கட்டும். கீழே இருந்தால் குளிர்ந்த குழாயில் சேரும் தண்ணீர் அதைக் கொன்றுவிடும். நீண்ட ஹெடரில் சென்சார் பின்னால் போவதால் சூடேற நேரமாகும். உள்ளே ஹீட்டர் உள்ள சென்சாராகவே வாங்குங்கள், வயரையும் நீட்ட வேண்டியிருக்கும். சென்சாருக்கு முன்னால் சிறு கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, கலவையில் பெட்ரோல் குறைவு என்று கம்ப்யூட்டர் தவறாக எண்ணி அதிகம் ஊற்றும். சென்சாருக்கான திருகுவாயை கோட்டிங்குக்கு முன்பே வெல்டு செய்துவிடுங்கள்.

கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்க வேண்டிய கார் என்றால், அதை நகர்த்த உங்கள் ஊர்ச் சட்டம் அனுமதிக்கிறதா என்று ஹெடர் வாங்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கலெக்டருக்குப் பின் எந்த வகை இணைப்பு?

மூன்று போல்ட் தட்டை ஃபிளாஞ்ச் மலிவு, கேஸ்கெட்டை எரிக்கும். உருண்டை வாய் இணைப்பு கொஞ்சம் கோண வித்தியாசத்தையும் தாங்கும், கேஸ்கெட் வேண்டாம். வி-பேண்ட் கிளாம்ப் விலை கூடுதல், ஆனால் கழற்றி மாட்டுவது ஒரே நட்டில் முடியும். கியர்பாக்ஸை இறக்கும் வேலை பலமுறை வரப்போகிற காரில் அந்தக் காசு வீண் போகாது.

எதுவுமே பொருந்தவில்லை. செய்து வாங்குவது எப்படி?

லேசரில் வெட்டிய ஃபிளாஞ்ச், வளைந்த குழாய்த் துண்டுகள், கலெக்டர் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கின்றன. ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் பிளாஸ்டிக் துண்டுகளும் உண்டு. அவற்றைக் காரிலேயே கோத்து வழி பார்த்துவிட்டு, பிறகு எஃகில் வெட்டுவது எளிது. மிகவும் இடைஞ்சலான குழாயை முதலில் போடுங்கள்; அது பொதுவாக ஸ்டீயரிங் அருகே உள்ளது. வசதியானவை தானாக வழி கண்டுபிடிக்கும். எல்லாக் குழாயும் மில்லிமீட்டர் சுத்தமாக ஒரே நீளம் வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். சாலைக் காருக்கு ஓரிரு அங்குல வித்தியாசம் பெரிதல்ல.

முழு வெல்டிங் செய்யும்போது ஃபிளாஞ்சை ஒரு பழைய ஹெட்டிலோ தடித்த தகட்டிலோ போல்ட் போட்டு இறுக்கி வைக்கட்டும், இல்லையென்றால் வாழைப்பழமாக வளைந்து வரும். ஸ்டெயின்லெஸ் என்றால் குழாயின் உள்ளேயும் ஆர்கான் வாயு விட்டு வெல்டு செய்வாரா என்று கேளுங்கள்.

டர்போ போடப் போகிறேன். இதெல்லாம் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தாது. அங்கே தடித்த சுவர், டர்போவின் எடையைத் தாங்கும் உறுதி, சூட்டைச் சேமிக்கும் குறைந்த நீளம் வேண்டும். எல்.எஸ். டிரக் மேனிஃபோல்டை முன்பின்னாகத் திருப்பி மாட்டி அதில் டர்போவை ஏற்றுகிறவர்கள் நிறைய, அது மலிவாகவும் நன்றாகவும் வேலை செய்கிறது.

முதல் முறை ஓடவிட்ட பிறகு என்ன பார்க்க வேண்டும்?

குளிர்ந்த என்ஜினைக் கிளப்பியதும் டிக் டிக் என்று சத்தம் வந்து, சூடானதும் அடங்கினால் அது ஃபிளாஞ்ச் கசிவு. வால்வு சத்தம் என்று டாப்பெட்டைத் திருகப் போக வேண்டாம். ஒரு முழுச் சூடு ஏறி, முழுதாக ஆறிய பிறகு எல்லா போல்ட்டையும் மீண்டும் இறுக்குங்கள், அடுத்த இரண்டு மூன்று ஓட்டங்களுக்குப் பிறகு இன்னொரு முறை. பிளக் வயர்களில் கருகல், பிரேக் பைப் அருகே நிறம் மாறிய பெயின்ட், ஸ்டீயரிங் ஷாஃப்டில் பளபளவென்று தேய்ந்த கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சூடான என்ஜினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து மீண்டும் ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றினால் அதற்குச் சூடு ஏறுகிறது. மறைப்புத் தகடு போடுங்கள், அல்லது சிறிய உடம்புள்ள ஸ்டார்ட்டருக்கு மாறுங்கள்.